பத்துத் தடவை மாற்றியும் மாறாத ஃபாண்ட்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போனால் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. போர்டெல்லாம் மலையாளம், டீக்கடைப் பேச்சு முக்கால்வாசி தமிழ். அங்கே ஓர் அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிக் கார்டு, பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு என்று டைப்பிங் வேலையில்தான் கடை ஓடுகிறது. தமிழ்ச் சிறுபான்மையினர் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதிப் போடலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் மனு தமிழிலும் வரும், மலையாளத்திலும் வரும். கோயில் நோட்டீஸ் என்றால் ஒரே தாளில் இரண்டும் வரும்.

கம்ப்யூட்டர் பழசு, நாலு ஜிபி ராம். அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ், அதன் மேல் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப். போட்டுக் கொடுத்தது அக்காவின் தங்கச்சி மகன். கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிப்பதே லினக்ஸில்தான் என்பதால், இந்த ஊரில் லினக்ஸ் என்றால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை.

ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஃபாண்ட மாத்துனா மாறவே மாட்டேங்குதுங்க. நேத்துல இருந்து பத்துத் தடவ மாத்திட்டேன். மாத்துனேன்னு அது சொல்லுது, ஆனா மாறல."

"எங்க மாத்துனீங்க அக்கா? செட்டிங்ஸ்லயா, ரைட்டர்லயா?"

"ரெண்டுலயுந்தான்."

செட்டிங்ஸ் என்றால் டெஸ்க்டாப்பின் அமைப்பு; ரைட்டர் என்றால் அக்கா டைப் செய்யும் லிப்ரேஆபீஸ் நிரல். அந்த "ரெண்டுலயுந்தான்" என்ற பதிலில்தான் சிக்கல் முழுதும் ஒளிந்திருந்தது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. ஒரே கோளாறு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால், ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து கோளாறுகள், ஒரே முகமூடியைப் போட்டுக்கொண்டு நின்றன.

தலைப்பு மட்டும் மாறியது

முதலில் டெஸ்க்டாப். அப்பியரன்ஸ் அமைப்பில் ஃபாண்ட் பகுதிக்குப் போய் மீரா இனிமையைத் தேர்ந்தெடுத்தேன். கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்குச் செய்து கொடுத்த இலவச ஃபாண்ட் அது. மலையாளத்தில் பெயர்பெற்ற மீராவின் தமிழ்த் தங்கை என்று சொல்லலாம். எல்லைக்கடைக்கு இதைவிடப் பொருத்தமான ஃபாண்ட் எனக்குத் தெரியாது.

தேர்ந்தெடுத்தாயிற்று. பெட்டியில் மீரா இனிமை என்றே காட்டியது. ஆனால் மெனுவிலும் பேனலிலும் ஃபைல் பெயர்களிலும் ஒரு மாற்றமும் இல்லை. லாக் அவுட் செய்து வந்தும் அதேதான்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் (நானும்தான்) செய்வது, அதே பெட்டியைத் திரும்பத் திறந்து வேறு ஃபாண்டைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது. அக்கா பத்துத் தடவை செய்தது அதுதான். அதனால் பயனில்லை. எழுதி வைத்ததை யார் படிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. தபால் பெட்டியில் பத்துக் கடிதம் போட்டாலும், பெட்டியைத் திறக்கிற ஆள் வராவிட்டால் ஒன்றுகூடப் போய்ச் சேராது.

சும்மா ஒரு சோதனையாக, விண்டோ மேனேஜர் அமைப்பில் இருக்கும் தலைப்பு ஃபாண்டை மாற்றினேன். அது மட்டும் கண்ணெதிரே உடனே மாறியது! அப்பியரன்ஸில் தீமை மாற்றிப் பார்த்தேன். அது மாறவில்லை. ஆக, ஃபாண்ட் மட்டும் அடம்பிடிக்கவில்லை. அப்பியரன்ஸ் வழியாகப் போகிற எதுவுமே போய்ச் சேரவில்லை.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇயில் நாம் செய்யும் தேர்வுகள் எக்ஸ்எஃப்கான்ஃப் என்ற சேமிப்பில் எழுதப்படும். சன்னல்களின் தலைப்பை வரையும் எக்ஸ்எஃப்டபிள்யூஎம் தனக்கான பகுதியை அந்தச் சேமிப்பிலிருந்து தானே நேரடியாகப் படித்துக்கொள்ளும். ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் செய்த மற்ற நிரல்கள் அப்படிப் படிப்பதில்லை. அவற்றுக்கு எடுத்துச் சொல்ல ஒரு தூதர் தேவை. பின்னணியில் ஓடும் எக்ஸ்எஃப் செட்டிங்ஸ் டீமன் என்ற நிரல்தான் அந்தத் தூதர். சேமிப்பில் இருப்பதைப் படித்து, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களுக்கும் "இனி இந்த ஃபாண்ட், இந்தத் தீம்" என்று அறிவிப்பது அவர் வேலை. அவர் இல்லாவிட்டால் தலைப்பு மாறும், மற்றவை மாறா. கண்முன் நடந்தது அச்சு அசலாக அதுதான்.

டெர்மினலில் பிகிரெப் கட்டளை கொடுத்து அந்த டீமன் ஓடுகிறதா என்று தேடினேன். ஒரு வரிகூட வரவில்லை. தூதர் ஊரிலேயே இல்லை.

"அக்கா, மெஷின் ஸ்லோவா இருக்குன்னு யாராச்சும் எதையாச்சும் நிறுத்துனாங்களா?"

"பையன்தான் போன லீவுக்கு வந்தப்ப, வேண்டாததெல்லாம் எடுத்து உட்டிருக்கேன் பெரீம்மா, இனி பறக்கும்னு சொன்னான்."

பறக்கத்தான் செய்தது. செஷன் அண்ட் ஸ்டார்ட்அப் பட்டியலில், புளூடூத், பிரிண்டர் அறிவிப்பு இவற்றோடு சேர்த்து செட்டிங்ஸ் டீமனின் டிக்கையும் பையன் எடுத்துவிட்டிருந்தான். போதாக்குறைக்கு, வெளியேறும்போது செஷனைச் சேமிக்கும் வசதியும் போடப்பட்டிருந்தது. டீமன் இல்லாத நிலையே சேமிக்கப்பட்டு, ஒவ்வொரு காலையும் அதே நிலையே திரும்ப எழுந்து வந்தது. பிறகு ஃபாண்ட் மாறவில்லை என்று அவனிடமே அக்கா கேட்டிருக்கிறார். அவன் இணையத்தில் தேடி, ஜிடிகே-3 ஃபோல்டரில் செட்டிங்ஸ் ஐஎன்ஐ என்ற ஃபைலைக் கையால் எழுதி, ஒன்பது பாயின்ட்டில் ஒரு ஃபாண்டைப் போட்டு, "சரியாயிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். தூதர் வராத வீட்டில் நிரல்கள் அந்த ஃபைலைத்தான் பார்க்கும். அதனால் அது வேலை செய்ததுபோலவே தெரிந்திருக்கும். உண்மையில் அது நோயை மறைத்த வலி மாத்திரை. டீமன் ஓடுகையில் அது சொல்வதுதான் செல்லும், அந்த ஃபைலை நிரல்கள் இரண்டாம் பட்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

டீமனைக் கையால் ஓடவிட்டேன். அடுத்த நொடியில் திரை முழுக்க எழுத்து பூசணிக்காய் மாதிரி வீங்கியது. மெனுவில் பாதி, திரைக்கு வெளியே போய்விட்டது. நேற்றிரவு கோபத்தில் அக்கா கடைசியாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த அளவு 24. பத்துக் கடிதங்களில் கடைசிக் கடிதம் இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்கா ஒரு கணம் பயந்து, அப்புறம் சிரித்துவிட்டார். அளவை 11-க்குக் குறைத்து, ஸ்டார்ட்அப் பட்டியலில் டிக்கைத் திரும்பப் போட்டு, சேமித்த செஷனை அழித்து, பையனின் ஐஎன்ஐ ஃபைலையும் ஓரமாக எடுத்து வைத்தேன். மறுபடி லாகின். நின்றது.

இதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. வேலை முடிந்தது என்று பையைத் தூக்கினேன். "அப்ப ரைட்டருங்க?" என்றார் அக்கா.

இரண்டு மொழிக்கு ஒரே அறை

ரைட்டரில் வந்த சிக்கல் வேறு ஜாதி. பாராவின் ஸ்டைலைத் திறந்து ஃபாண்டையும் அளவையும் மாற்றினால், நோட்டீஸில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் மட்டும் மாறின. தமிழ் அப்படியே நின்றது.

லிப்ரேஆபீஸ் உலகத்து எழுத்துகளை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. மேற்கத்திய எழுத்துகள், சீனம் ஜப்பான் வகை எழுத்துகள், அப்புறம் சிக்கலான அமைப்புள்ளவை என்று ஒரு கூட்டம். தமிழ், மலையாளம், இந்தி, அரபி எல்லாம் இந்தக் கடைசிக் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி ஃபாண்ட், தனி அளவு, தனி போல்டு. மொழி அமைப்பில் இந்தக் கூட்டத்துக்கான டிக் போடாவிட்டால், ஸ்டைல் பெட்டியில் மேற்கத்திய எழுத்துக்கான இடம் மட்டும்தான் கண்ணில் படும். நாம் தமிழுக்கு மாற்றுவதாக நினைத்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருப்போம். ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் டிக் போட்டு, பக்கத்திலேயே தமிழைத் தேர்ந்தெடுத்ததும், மறைந்திருந்த இடம் ஸ்டைல் பெட்டியில் வெளியே வந்தது. அங்கே மீரா இனிமையைப் போட்டேன். தமிழ் மாறிவிட்டது.

தமிழ்நாட்டுக் கடையாக இருந்தால் இத்தோடு முடிந்திருக்கும். இது எல்லைக்கடை. தமிழ் மாறியது, அதே நோட்டீஸில் மேலே இருந்த மலையாளம் கெட்டது. அதுவரை மஞ்சரி ஃபாண்டில் உருண்டையாக, அழகாக இருந்த மலையாளம், ஏதோ கிடைத்த ஃபாண்டுக்குத் தாவிவிட்டது. அக்கா முன்பு ஒருமுறை மலையாளத்துக்கு மஞ்சரியைப் போட்டபோது தமிழ் கெட்டுப்போனதாகவும், அன்றைக்கே "இந்தப் பெட்டிக்குத் தமிழ் புடிக்காதுங்க" என்று முடிவு கட்டியதாகவும் சொன்னார்.

பெட்டிக்குத் தமிழ் மேல் ஒரு விரோதமும் இல்லை. தமிழும் மலையாளமும் ஒரே கூட்டத்தில் இருப்பதால், ஒரு ஸ்டைலுக்குள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் அறைதான். அதில் தமிழ் ஃபாண்ட் குடியேறினால் மலையாளம் வெளியே, மலையாள ஃபாண்ட் குடியேறினால் தமிழ் வெளியே. வெளியே நிற்கும் மொழிக்குக் கணினி கையில் கிடைத்த ஏதோ ஒரு ஃபாண்டைக் கொடுத்துச் சமாளிக்கும்.

இதற்கு நான் கண்ட ஒரே நல்ல வழி, இரண்டு ஸ்டைல் வைத்துக்கொள்வது. "தமிழ்ப் பத்தி" என்று ஒன்று, "மலையாளப் பத்தி" என்று ஒன்று. ஒரே வரியில் இரண்டும் கலந்து வரும் இடங்களுக்கு அதே மாதிரி எழுத்து அளவிலான ஸ்டைல் இரண்டு. எல்லாவற்றையும் ஒரு டெம்ப்ளேட்டில் போட்டு, அதையே இயல்பு டெம்ப்ளேட்டாக வைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வரியைச் செலக்ட் செய்து மேலே ஃபாண்ட் பட்டியலில் தேடுகிற பழக்கத்தை அக்கா விட வேண்டியிருந்தது. அதற்கு அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது என்று பிறகு சொன்னார்.

பாமினி என்று சொல்லும், பாமினியாக இராது

மூன்றாவது சிக்கல், தமிழ் டிடிபி செய்கிற யாருக்கும் வரும். ஒரு வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விஷயத்தை ரைட்டரில் ஒட்டி, அக்கா தன் பழக்கப்படி பாமினி ஃபாண்டைத் தேர்ந்தெடுத்தார். பட்டியலில் பாமினி என்று பெயர் வந்தது. எழுத்து ஒரு துளிகூட மாறவில்லை.

பாமினி, ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான எண் கொடுக்கும் யூனிகோடுக்கு முந்தைய வழக்கத்தைச் சேர்ந்தது. அதில் தமிழ் எழுத்தின் படங்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஐந்து விசையைத் தட்டினால் பாமினியில் "அம்மா" என்று தெரியும். ஃபைலுக்குள் இருப்பது என்னவோ அந்த ஆங்கில எழுத்துகள்தான். வாட்ஸ்அப்பில் வரும் விஷயமோ யூனிகோடு. அங்கே "அ" என்றால் "அ"தான். அந்த இடத்தில் பாமினி ஃபாண்டுக்குள் படமே கிடையாது. காலியான இடத்தைப் பார்த்ததும் லிப்ரேஆபீஸ் சத்தம் போடாமல் வேறு ஃபாண்டிலிருந்து எழுத்தை எடுத்துக் காட்டிவிடும். பெயர்ப்பலகையில் பாமினி, உள்ளே வேறு ஆள்.

இந்த உதவி மனப்பான்மை மேல் எனக்குக் கோபம் உண்டு. கட்டம் கட்டமாகக் காட்டியிருந்தால், ஃபாண்டில் அந்த எழுத்து இல்லை என்று உடனே புரிந்திருக்கும். இப்படி ஓசையில்லாமல் ஒட்டுப் போடுவதால்தான் "செட்டிங் வேலை செய்யவில்லை" என்று ஆட்கள் மணிக்கணக்கில் அலைகிறார்கள்.

சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அந்த ஃபாண்டில் ஆங்கிலத்தில் ஏதாவது தட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்தாகக் கொட்டினால் அது பழைய வகை ஃபாண்ட். யூனிகோடு விஷயத்துக்கு அதைப் போட்டுப் பயனில்லை. விஷயத்தை மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டரில் போட்டு எடுக்க வேண்டும், அல்லது யூனிகோடு ஃபாண்டைத் தேட வேண்டும்.

என் பங்குக்கு ஒரு தவறு

ஃபைல் பெயர்களில் வரும் தமிழ் எல்லா இடத்திலும் மீரா இனிமையிலேயே தெரியட்டும், மெனு ஆங்கிலத்துக்கு வேறு ஃபாண்ட் இருக்கட்டும் என்று அக்கா கேட்டார். நியாயமான ஆசைதான். இதற்கு டெஸ்க்டாப்புக்கும் கீழே இருக்கும் ஃபாண்ட்கான்ஃபிக்கிடம் போக வேண்டும். கீத் பேக்கார்ட் எழுதிய அந்த நூலகம்தான் "இந்த மொழிக்கு இந்தப் பெயர் கேட்டால் எந்த ஃபாண்டைக் கொடுப்பது" என்று லினக்ஸில் முடிவு செய்கிறது. அதன் விதி ஃபைல்கள் எண் வரிசையில் படிக்கப்படும். நம் சொந்த ஃபைலை உள்ளே இழுக்கும் விதிக்கு எண் 50. லத்தீன் எழுத்துக்கான பொது விதி 60, மற்ற எழுத்துகளுக்கு 65.

ஹோமில் மறைவாக இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள், ஃபாண்ட்கான்ஃபிக் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர். அதில் ஃபாண்ட்ஸ் கான்ஃப் என்ற ஃபைல். மொழி தமிழ் என்றால் மீரா இனிமையை முன்னால் வை என்று விதி எழுதினேன். எந்த ஃபாண்ட் கிடைக்கும் என்று காட்டும் எஃப்சி-மேட்ச் கட்டளையில் தமிழ் என்று மொழியைக் குறித்துக் கேட்டேன். லோகித் தமிழ் என்ற வேறு ஃபாண்ட் பதிலாக வந்தது. விதியைத் திருத்தினேன். லோகித். கேஷை அழித்துப் புதுப்பித்தேன். லோகித். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. பக்கத்தில் அக்கா, "நானும் இப்படித்தானுங்க தம்பி" என்றார்.

பதில் வரிக்கு மேலே ஒரு வரி ஒவ்வொரு தடவையும் வந்துகொண்டிருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. எட்டாம் வரியில் டேக் பொருந்தவில்லை என்று ஃபாண்ட்கான்ஃபிக் பிழை சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு டேக்கை மூடும் இடத்தில் சாய்கோட்டை விட்டிருந்தேன். அந்த விதி ஃபைல் எழுதப்படும் எக்ஸ்எம்எல்லில் ஒரு குறி தவறினால், விதி சொன்னபடி நடக்கும் என்று நம்ப முடியாது. திரையில் பெட்டி எதுவும் வந்து எச்சரிக்காது, டெர்மினலில் மட்டும் அந்த ஒரு வரி வரும். சாய்கோட்டைப் போட்டதும் எஃப்சி-மேட்ச் மீரா இனிமை என்றது. ஏற்கெனவே திறந்திருந்த நிரல்களை மூடித் திறந்த பிறகு ஃபைல் பெயர்களும் மாறின. எழுதி வைத்ததை யார் படிக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னவன், எனக்கென்று எழுதியிருந்த வரியைப் படிக்கவில்லை.

ஃபயர்பாக்ஸ் கதை சுருக்கம். அதில் ஃபாண்ட் அமைப்பு மொழிவாரியாக இருக்கிறது. மேலே தெரிவது லத்தீனுக்கானதாக இருந்தால், அதை எத்தனை தடவை மாற்றினாலும் தமிழ்ப் பக்கம் அசையாது. அட்வான்ஸ்டுக்குள் போய் மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். அப்போதும் சில தளங்கள் தங்கள் ஃபாண்டைத் தாங்களே கொண்டுவரும். அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

கடைசியில் ஓர் எழுத்து

கிளம்பும்போது கோயில் கமிட்டிக்காரர் நோட்டீஸ் புரூஃபைப் பார்க்க வந்தார். தலைப்பில் ஒரு பழைய அலங்கார யூனிகோடு ஃபாண்ட் போட்டிருந்தோம். பார்த்தவுடனே, "ஸ்ரீ மட்டும் ஏனுங்க இப்படி இருக்குது?" என்றார். அம்மன் பெயர் தடிமனாக, வளைந்து நெளிந்து இருந்தது. முன்னால் நின்ற ஸ்ரீயில் முதல் பாதி மெல்லிசாக, வேறு யாருடைய எழுத்தோ மாதிரி இருந்தது. ரீ மட்டும் தடிமனாகத் தனியே நின்றது.

கர்சரை அதன் பின்னால் வைத்து பேக்ஸ்பேஸை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஈகாரக் குறி போயிற்று, ர போயிற்று, புள்ளி போயிற்று. மிஞ்சியது ஸ இல்லை, ஶ. இந்த எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 2005-இல்தான். கமிட்டிக்காரரின் போன் கீபோர்டு ஸ்ரீயை அந்த எழுத்தை வைத்து எழுதியிருக்கிறது. எங்கள் அலங்கார ஃபாண்ட் அதற்கு முன்பே செய்தது. ஆக, அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் மறுபடி ஓசையில்லாத ஒட்டு.

ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஶவை ஸவாக மாற்றினேன். மூன்று இடத்தில் மாறியது. ஸ்ரீ கூட்டெழுத்தாகச் சேர்ந்து, அம்மன் பெயரின் தடிமனுக்கு வந்துவிட்டது. கமிட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மஞ்சள் தாளில் ஐந்நூறு அடிக்கச் சொன்னார்.

பாமினியில் இருக்கும் பழைய பத்திரிகை ஃபைல்களை அக்கா மாற்ற விடவில்லை. "அதுக பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்றார். அவற்றுக்கு ஒரு தனி ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். பையனுக்குப் போன் போட்டு, டிக் எடுக்கக் கூடாத அந்த ஒரு பெயரை அக்காவே எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.